நீர்ப்பறவைத் தபால்தலையைத் தண்ணீரில் போடாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கோபிக்காரர், கையில் அப்பாவின் ஆல்பம். பிரித்தால் 1994இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நீர்ப்பறவைத் தபால்தலைத் தொகுப்பு, நிறமெல்லாம் போய் வெளிறிக் கிடக்கிறது. "தூசியா இருந்துச்சுங்க, அலசிக் காயவெச்சேன்" என்கிறார். கோவையில் தபால்தலைகளை மதிப்பிடுவது என் தொழில். இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பதோ!

அந்தத் தொகுப்பில் அந்தமான் கிளுவை என்ற வாத்தும் இளஞ்சிவப்புத் தலை வாத்தும் இருக்கின்றன. கூடவே ஒரு நாரை, ஒரு கொக்கு. அச்சான மை தண்ணீரில் கரைந்ததால் அஞ்சல் துறையே அதைத் திரும்பப் பெற்றது. வாத்துத் தபால்தலை சேர்ப்பவர்கள் அதைத் தேடி அலைவதும் அதனால்தான்.

தபால்தலை என்றால் ஊறவைத்தே ஆக வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. உறையில் ஒட்டி, முத்திரை விழுந்த பழைய தலையைப் பிரிக்கத்தான் தண்ணீர். ஒட்டாத புதுத் தலைக்குப் பின்பக்கப் பசைதான் பாதி மதிப்பு. அதைக் கழுவிவிட்டு "பளிச்சுன்னு இருக்குதுங்களே" என்றால் நான் என்ன சொல்ல? முத்திரை விழுந்ததிலும் எல்லாவற்றையும் ஊறவைக்க முடியாது. 1883இல் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சைத் தலைகளில் கரையும் மையை வேண்டுமென்றேதான் சேர்த்தார்கள். முத்திரையை அழித்து மறுபடி ஒட்டுவதைத் தடுக்க. முதல்நாள் உறையாக, அதாவது தலை வெளியான நாளிலேயே ஒட்டி முத்திரை குத்திய உறையாக இருந்தால் தலையை வெட்டவே வேண்டாம், உறையோடுதான் அதற்கு மதிப்பு.

அமெரிக்க 'டக் ஸ்டாம்ப்' வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அது தபாலுக்கானது அல்ல. நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய கட்டண வில்லை, 1934 முதல் வருகிறது. அந்தப் பணம் சதுப்புநிலங்களைக் காக்கப் போகிறது. வேட்டைக்காரர் அதன் மேல் கையெழுத்துப் போடுவது சட்டம். அதை அழுக்கென்று நினைத்து அழிக்கப் பார்க்காதீர்கள். கையெழுத்தில்லாதது கூடுதல் விலை போகும், உண்மைதான். ஆனால் கையெழுத்தை அழித்த தலை அதன் கணக்கில் வராது, விளக்கொளியில் வைத்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

செலோ டேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. அதற்கப்புறம் என்னிடம் கொண்டுவந்து பிரயோஜனமில்லை. விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆல்பத்தை இரும்பு பீரோவின் அடித்தட்டில் திணிக்காதீர்கள்; பழுப்புப் புள்ளி விழுந்தால் போகாது. நிமிர்த்தி வைத்து, வெயில் நாளில் நிழலில் காற்றாடப் புரட்டிவிடுங்கள்.

நஞ்சராயன் குளம், வெள்ளோடு பறவைகள் சரணாலயங்களில் வாத்து பார்த்துவிட்டு வந்து ஆசையாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களுக்கு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு வாத்துப் பொட்டலத்தை வாங்கித் தராதீர்கள். அதில் எந்த நாட்டு அஞ்சல் துறையும் வெளியிடாத போலிகளும் கலந்து வரும். தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டி, சேகரிப்போர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுங்கள். புது வெளியீடுகள் வீட்டுக்கே வரும். வந்ததைப் பிள்ளை தண்ணீரில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.