108 வருவதற்குள் செய்ய வேண்டியது

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வரும்போது, கூட வந்தவர்களிடம் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்போம். விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு? அதுவரைக்கும் என்ன செஞ்சீங்க? முதல் கேள்விக்கு, "பத்துப் பதினைஞ்சு நிமிஷம் இருக்கும் டாக்டர்" என்பார்கள். இரண்டாவதற்கு வரும் பதில்கள்தான் இதை எழுத வைக்கின்றன. முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், உள்ளங்காலைத் தேய்த்திருப்பார்கள், வாயில் சோடா ஊற்றியிருப்பார்கள். கை கால் லேசாக இழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருப்பார்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு மாடி இறக்கி, காரில் ஏற்றி வந்திருப்பார்கள். எல்லாமே பாசத்தில், பதற்றத்தில் செய்தவை. ஆனால் நெஞ்சில் கை வைத்து அழுத்த மட்டும் யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள்.

இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் நெரிசலைத் தாண்டித்தானே வர வேண்டும்? அதுவரை அந்த உயிர் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

இப்படி மார்பை அழுத்தி, நின்ற இதயத்தின் வேலையைக் கையால் செய்யும் முதலுதவிக்குத்தான் சி.பி.ஆர். என்று பெயர். மாரடைப்பு வந்த எல்லோருக்கும் அது தேவையில்லை. நெஞ்சு வலி, வியர்வை, ஆனால் பேசுகிறார் என்றால் வசதியாக உட்கார வைத்து, நடக்க விடாமல், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை அல்லது சரியாக இல்லை என்றால்தான் சி.பி.ஆர். நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பதற்றத்தில் பழகிய கைக்கே அது தப்பிவிடும்.

மூச்சு விஷயத்தில்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு விட்டுவிட்டு ஒரு இழுப்பு வரும். கரையில் போட்ட மீன் போல வாய் திறந்து மூடும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று வீட்டில் ஆறுதலடைவார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்றதற்கான அடையாளம் அது. கை கால் இழுப்பதும் அதே நேரத்தில் வரலாம். இழுப்பு நின்றபின் ஆள் அசையாமல், சீராக மூச்சு விடாமல் கிடந்தால் உடனே அழுத்தத் தொடங்குங்கள்.

ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன்மேல் அடுத்த கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. கை பலத்தில் அல்ல, உடம்பின் எடையைக் கொடுத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடலாம். பெரியவர்கள் திடீரென்று சாய்ந்தால் அழுத்துவது மட்டுமே பெரிய உதவி. இந்தியன் ரெஸசிடேஷன் கவுன்சில் ஃபெடரேஷன் பொதுமக்களுக்குச் சொல்லித் தரும் முறையும் அதுதான். ஆனால் நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும்: 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். கிணற்றிலிருந்து தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. அதில் போவது மூச்சுக்கான நேரம்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" என்று நான் எடுக்கும் எல்லா சி.பி.ஆர். வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். உடையலாம். உடைந்த எலும்பு சில வாரங்களில் கூடும், நின்ற இதயம் தானாகத் துடிக்காது. பெண்கள் விழுந்தால் கை வைக்கத் தயங்கி நிற்பதும் நடக்கிறது. சுடிதாரோ புடவையோ, துணிக்கு மேலேயே அழுத்தலாம். தயங்கும் நேரத்தில் போவது ஒரு வீட்டின் தாய். சாலை விபத்தில் உதவப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரையோ முகவரியையோ சொல்லச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சி.பி.ஆர். வகுப்பிலேயே மற்ற முதலுதவியையும் கற்றுக்கொள்ளலாம். தீக்காயத்தில் பேஸ்ட்டும் இங்க்கும் தோசை மாவும் பூசி வருவது இன்னும் குறையவில்லை. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டாலே போதும். வலிப்புக்கு இரும்பு வேண்டாம். வாயில் எதையும் வைக்காமல், இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி தருகின்றன. பல மருத்துவமனைகளும் கேட்டால் ஏற்பாடு செய்யும். நான் வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் எதிரே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அலுவலக ஊழியர்கள். இதயம் நிற்பதோ பெரும்பாலும் வீட்டில். பகலில் தாத்தாவோடு யார் இருக்கிறார்கள்? மருமகள், காலேஜ் போகும் பேத்தி, கீழே வாட்ச்மேன். இவர்கள்தான் வர வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு வகுப்பு வைக்கலாம். ஸ்லைடு பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகாமல், பொம்மையின் மேல் ஒவ்வொருவரும் முழுதாக இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாதங்களிலேயே கை மறக்கத் தொடங்கும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்து பாருங்கள்.