எலிமினேஷன்: நடையை விட்டு இறக்குவது

ராத்திரி தார்சாவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ போட்டி நிகழ்ச்சி. ஒரு பெண் அழுதுகொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள்.

"ஏல, எலிமினேசன் எலிமினேசன்னு சொல்லுதானே, அப்படின்னா என்னல?" என்று ஆச்சி கேட்டாள்.

"போட்டிய விட்டு வெளிய அனுப்புதாங்க ஆச்சி."

"நடைய விட்டு எறக்கிட்டான்னு சொல்லு."

திருநெல்வேலிப் பக்கம் நடை என்றால் வாசல், நிலைப்படி இருக்கும் இடம். லத்தீனிலும் எலிமினேஷன் என்ற சொல் அங்கேதான் பிறந்தது. 'லிமென்' என்றால் வாசற்படி. வெளியே என்று பொருள்படும் 'எக்ஸ்' அதன் முன்னால் சேர்ந்து 'எலிமினாரே' ஆனது. படிக்கு வெளியே தள்ளுவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் வீட்டை விட்டுத் துரத்துவது என்பதுதான் பொருள். கணக்குக்கும் போட்டிக்கும் பிறகுதான் பரவியது.

இதே லிமென் நம் ஊரில் வேறு வேஷத்திலும் திரிகிறது. பாளையங்கோட்டையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் வாயில் எப்போதும் இருக்கும் 'பிரிலிம்ஸ்' அதன் பேரன்தான். 'பிரி' என்றால் முன். படிக்கு முன்னால் நிற்பது. வாசலுக்கு மேலே கொத்தனார் போடும் 'லிண்டில்' தூரத்துச் சொந்தம். எல்லையைக் குறிக்கும் 'லிமெஸ்' என்ற சொல்லோடு லிமெனின் சாயலும் கலந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காலடியில் கிடந்த படியின் பெயர் தலைக்கு மேலே ஏறிவிட்டது!

நம்மிடமும் படியை வைத்துப் பேச்சு உண்டு. ஆனால் கோபம் வந்தால் நாம் "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்போம். லத்தீன்காரன் உள்ளே இருப்பவனை வெளியே தள்ளுகிறான். நாம் வெளியே இருப்பவனை உள்ளே விடமாட்டோம். அதனால் தமிழில் இதற்குச் சொல் படியிலிருந்து வரவில்லை; வெளியேறு, வெளியேற்று என்று வந்தது. போட்டிக்கு 'வெளியேற்றம்' நன்றாகவே பொருந்துகிறது. பட்டியலில் பெயரை எடுத்தால் 'நீக்கம்'.

கணக்கில் 'நீக்கல் முறை' என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒரு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் 80 ரூபாய். இரண்டு தேங்காயும் ஒரு சீப்பும் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் சின்னதைக் கழித்தால் பழம் கணக்கை விட்டே போய்விடும். மிச்சம் ஒரு தேங்காய், 30 ரூபாய். அப்புறம் பழத்தை உள்ளே கூப்பிட்டு, சீப்பு 50 என்று கண்டுபிடிக்கலாம். பழம் அழியவில்லை, கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சிக்கல் நோய் விஷயத்தில்தான். மருத்துவத்தில் எலிமினேஷன் வேறு, எராடிகேஷன் வேறு. பின்னது 'ராடிக்ஸ்', அதாவது வேர் என்ற சொல்லிலிருந்து வந்தது, வேரோடு பிடுங்குவது. முள்ளங்கிக்கு ஆங்கிலப் பெயரும் இந்த வேரில் முளைத்ததே. உலகத்திலேயே இல்லாமல் செய்தால்தான் எராடிகேஷன். மனிதருக்கு வரும் நோய்களில் அப்படிப் போனது பெரியம்மை ஒன்றுதான், 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ புதிதாக யாருக்கும் தொற்றாமல் செய்துவிட்டால் எலிமினேஷன். நாமோ இரண்டுக்கும் 'ஒழிப்பு' என்றே எழுதுகிறோம். என்னைக் கேட்டால் எலிமினேஷனுக்கு 'அகற்றல்' என்றும் எராடிகேஷனுக்கு 'வேரறுப்பு' என்றும் பிரித்துவிடலாம். ஒழிப்பு மேடைப் பேச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

போலியோவைப் பாருங்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. ஆச்சி கணக்கில் நடையை விட்டு இறக்கியாயிற்று. ஆனால் அது இன்னும் தெருவில்தான் நிற்கிறது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேர் அறுபடவில்லை. அதனால்தான் இங்கே இன்னும் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள்.