மான்சூன்னா பருவமழையா, பருவக்காற்றா?

இங்க சிங்கப்பூர்ல பிப்ரவரி மாசம் புளோக்குக்குக் கீழ புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு, செய்தியில "வடகிழக்குப் பருவமழையின் வறண்ட கட்டம்"னு வாசிக்கிறாங்க. மழை எப்படிங்க வறண்டு போகும்? வருஷா வருஷம் கேட்டு அலுத்துப்போய்த்தான் இத எழுதுறேன்.

மான்சூனுக்கு மூலம் அரபிச் சொல் 'மவ்சிம்', பருவம்னு அர்த்தம். கடலோடிங்க காத்து திரும்புற காலத்துக்குச் சொன்னது, போர்த்துகீசியர் வழியா ஆங்கிலத்துக்குப் போச்சு. இங்க மலாய்ல டுரியான் பழக் காலத்த 'மூசிம் டுரியான்'னு சொல்றோமே, அந்த மூசிமும் இதேதான். மழைங்கற பொருளே இதுல கிடையாது. அதனால பருவக்காற்றுதான் சரி. இலங்கையில பருவப்பெயர்ச்சிக் காற்றும்பாங்க, காத்து திசை மாறுறதும் அதுலயே வந்துடுது, எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

தமிழ்நாட்டுலயே பருவமழைன்னுதானே சொல்றாங்கன்னு கேப்பீங்க. சொல்றாங்கதான், ஆனா ஜூன், ஜூலையில தஞ்சாவூர்ப் பக்கம் போய் நின்னு பாருங்க, தென்மேற்குக் காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில முட்டி குடகுலயும் வயநாட்டுலயும் கொட்டித் தீத்துட்டு இந்தப் பக்கம் வெறுங்காத்தா எறங்கும், எங்க சித்தப்பா வயல்ல புழுதிதான் பறக்கும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொன்னது அந்தக் காத்தத்தான். குறுவை நெல்லுக்கு வேண்டிய தண்ணி, அங்க பெஞ்சது காவிரியிலயும் கபினியிலயும் ஓடி மேட்டூருக்கு வந்து, வழக்கமா ஜூன் 12 அணை தொறந்தப்புறம் வாய்க்கால்ல வர்றது. தஞ்சாவூர்க்காரங்களுக்கு மழைன்னா ஐப்பசி அடைமழை, வடகிழக்குக் காத்து கொண்டார்றது, சம்பா நெல்லுக்கு அது வேணும். ஒரே காத்து மலைக்கு அந்தாண்ட வெள்ளமாவும் இந்தாண்ட புழுதியாவும் இருக்கறத பருவமழைங்கற பேரு மறைச்சிடுது.

நம்ம ஊரு கதையும் அதான். 2014 பிப்ரவரியில சாங்கியில மாசம் முழுக்கப் பெஞ்சது 0.2 மில்லிமீட்டர், அதுவும் வடகிழக்குப் பருவக்காத்து காலத்துலதான்.

வாடை, கொண்டல், கோடை, தென்றல்னு நாலு திசைக் காத்துக்கும் தனித்தனியா பேரு வச்ச மொழி இது. மொழிபெயர்க்கிறவங்க ஒரு தடவ ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு எழுதினா என்ன? ஏற்கனவே யாரோ போட்டத எடுத்து அப்படியே ஒட்டிடுறாங்க, அது பள்ளிக்கூடத் தாள் வரைக்கும் வந்துடுது. போன வாரம் என் மக சொல்வதெழுதுதல் தாள்லயும் 'பருவமழை'தான் இருந்துச்சு. பக்கத்துல பென்சில்ல 'பருவக்காற்று'ன்னு எழுதிக் குடுத்து, டீச்சர் கேட்டா குடகுல எங்க பெய்யுது, தஞ்சாவூருக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு சொல்லுன்னு அனுப்பியிருக்கேன்.