வளையாத இரும்பும் உதறும் ஸ்டீயரிங்கும்

நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் மலேசியாவின் கேமரன் மலையடிவாரத்தில் உள்ள தாப்பாவில் எந்தக் கார் பட்டறைக்குப் போனாலும் ஒரே புகாரைக் கேட்கலாம். கேமரன் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்தவர்கள், நெடுஞ்சாலையில் வேகமெடுத்த பிறகு பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கைக்குள் உதறுகிறது என்றும், மிதி பாதத்தைத் திருப்பித் தள்ளுகிறது என்றும் சொல்வார்கள். பட்டறையின் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “டிஸ்க் வளைஞ்சிருச்சுண்ணே, மாத்திடலாம்.” நானும் பல ஆண்டுகள் அதை நம்பியவன்தான். ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்பு வட்டு, சட்டியில் போட்ட அப்பளம் போல நெளிந்துவிடும் என்பதை அப்போது நான் கேள்வி கேட்கவில்லை. என் காரில் புதிதாகப் போட்ட டிஸ்க்குகளும் ஆறே மாதத்தில் உதறத் தொடங்கியபோதுதான் கேட்கத் தோன்றியது.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டை, கேலிப்பர் என்னும் கிடுக்கி இருபுறமும் பேட்கள் எனப்படும் இரண்டு உராய்வுக் கட்டைகளால் நெரிக்கிறது. உராய்வில் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி வட்டுக்குள் புகுந்து, அங்கிருந்து காற்றில் கலக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிற்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 460 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதே கார் மலைமேல் உள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை இழக்கிறது. அந்த உயரத்துக்குரிய ஆற்றல் 15 மெகாஜூலைத் தாண்டும். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. இஞ்சினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும், கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி இறங்குபவரின் காரில் மீதியெல்லாம் சக்கரங்களின் பிரேக்குகளிலேயே, அதிலும் பெரும்பங்கு முன்சக்கர வட்டுகளிலேயே, போய்ச் சேருகிறது.

இவ்வளவு சூட்டையும் தாங்குவதற்காகத்தான் வட்டுகளைச் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்கிறார்கள். அதனுள் செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதோடு, அதிர்வையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். அந்த இரும்பு உருக 1,150 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். சூட்டில் வட்டு சற்றே கூம்புபோல் விரிவது உண்மைதான், ஆனால் ஆறியதும் அது பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். உதறும் காரின் வட்டைக் கழற்றி அளந்தால் பெரும்பாலான வேளைகளில் தெரிய வருவது வளைவு அன்று, கன வேறுபாடு. ஒரே வட்டு ஓரிடத்தில் சற்றுத் தடித்தும் வேறோர் இடத்தில் சற்று மெலிந்தும் இருக்கும். இந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதுதான் வியப்புக்குரியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் பதினைந்து இருபது பங்கு வேறுபட்டாலே பல கார்களில் ஓட்டுநர் அதை உணர்ந்துவிடுவார். மனிதத் தலைமுடியின் கனத்தில் அது கால்வாசியை ஒட்டியது. கண்ணுக்குப் புலப்படாது, விரலுக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத மேடு எப்படி ஒரு காரையே உலுக்குகிறது? பிரேக் எண்ணெய் அழுத்தினால் சுருங்காத திரவம். வட்டின் தடித்த பகுதி பேட்களுக்கு இடையே நுழையும்போது, பேட்டை அழுத்தும் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அந்தத் தள்ளல் குழாய் வழியே மிதிக்கு வந்து சேருகிறது. அதே நொடியில் நெரிப்பு விசை கூடுவதால் அந்தச் சக்கரம் மற்றதைவிட அழுத்தமாகப் பிடிபடுகிறது. மெலிந்த பகுதி வரும்போது விசை குறைகிறது. இடது வலது சக்கரங்களில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று பொருந்தாததால், அது ஸ்டீயரிங்கை இணைக்கும் தண்டுகளை மாறி மாறி இழுக்கிறது. சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் ஓடும் என்று கொண்டால், 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 17 முறை சுழல்கிறது, 80-இல் 12 முறை. முன்பக்கச் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இயல்பாகவே ஆட விருப்பமான அதிர்வெண் ஒன்று இந்த எல்லைக்குள்தான் அமைகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போல, பிரேக்கின் தள்ளல் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போய், வேகம் குறைந்ததும் அடங்குகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் இல்லாத கார் நெடுஞ்சாலையில் மட்டும் உதறுவதற்குக் காரணம் இதுதான்.

கன வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இரண்டு முக்கியமான விடைகள் உண்டு. முதலாவது விடை, பிரேக்கை மிதிக்காமல் ஓடும் நேரத்தில் ஒளிந்திருக்கிறது. பிரேக் பேட்கள் மிதியை விட்டதும் வட்டிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை, உரசியும் உரசாமலும் பக்கத்திலேயே நிற்கும். வட்டு, தன்னையும் சக்கரத்தையும் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியான ஹப்பின் மேல் நேராக உட்காராமல் மிகச் சிறிய சாய்வோடு பொருத்தப்பட்டிருந்தால், அது சுழலும்போது பக்கவாட்டில் தள்ளாடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு தொடுதலில் ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் 5,000 கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் ஏறத்தாழ 2.8 மில்லியன் முறை சுற்றியிருக்கும். அத்தனை முறை தேய்ந்த இடம் மெலிந்துபோகும், தேயாத இடம் மேடாக நிற்கும். புதிய டிஸ்க் மாட்டிய அன்று கார் பட்டுப்போல் நின்று, சில மாதங்கள் கழித்து உதறத் தொடங்குவதன் மர்மம் இதுவே. தள்ளாட்டம் முதல் நாளே இருந்தது, உதறல்தான் பிறகு வளர்ந்தது.

என் காரில் நடந்ததும் இதுதான். இரண்டாம் முறை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பெரியவர் டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் சக்கர நட்டுகளைப் போட்டு அதை இறுக்கிக்கொண்டு, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும், காந்த அடிப்பாகம் கொண்ட டயல் கேஜை நிறுத்தி, அதன் நுனியை வட்டின் வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து, வட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றினார். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது: 0.11 மில்லிமீட்டர். பொருத்திய நிலையில் பல கார்களுக்கு 0.05 முதல் 0.10 வரைதான் அனுமதி. பிறகு டிஸ்க்கை எடுத்து ஹப்பின் முகத்தைக் காட்டினார். போல்ட்டுகளைச் சுற்றி, ஓலைக் கூரையிலிருந்து உதிரும் தூசு போன்ற செந்நிறத் துருப்படலம் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகப் படிந்திருந்தது. பழைய டிஸ்க்கை எடுத்த கையோடு, அதைத் துடைக்காமலே புதியதை மேலே மாட்டியிருந்தார்கள். ஹப்பின் முகத்தில் 140 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு பக்கம் 0.03 மில்லிமீட்டர் துரு இருந்தால், 240 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டின் விளிம்பில் அது 0.05-ஆகப் பெருகிவிடும். செம்மண் தோட்டப்பாதையும் ஓயாத மழையும் உள்ள நம் பகுதியில் துருவுக்குப் பஞ்சமில்லை. கம்பித் தூரிகையால் அவர் அதைச் சுரண்டி, துணியால் துடைத்து, அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அளந்தபோது முள் 0.03-இல் நின்றது. இருபது நிமிட வேலை. முதல் பட்டறையில் இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு ஜோடி டிஸ்க்கின் காசு மிச்சமாகியிருக்கும்.

இதே தள்ளாட்டத்தை உண்டாக்கும் இன்னொரு வழி, டயர் கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டுகளைக் கண்டபடி இறுக்குவது. ஒரு நட்டு அளவுக்கு மீறியும் எதிரே உள்ளது தளர்வாகவும் இருந்தால் வட்டின் நடுப்பகுதி இழுபட்டுச் சாயும். சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதையும் எதிரெதிராக, இரண்டு சுற்றில், அளவுகாட்டும் ஸ்பேனரால் முடிப்பதே முறை.

இரண்டாவது விடை சூட்டோடு தொடர்புடையது, மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. நன்றாகப் பழகிய பிரேக்கில் பேட் வட்டை நேரடியாக அராவுவதில்லை. பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக வட்டின் முகத்தில் ஏறியிருக்க, படலத்தின் மேல் பேட் உரசுகிறது. படலம் சீராக இருக்கும்வரை எல்லாம் நலம். தாப்பாவையும் கேமரன் மலையையும் இணைக்கும் கூட்டரசு சாலை 59-இல் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, லாத்தா இஸ்கண்டார் அருவியருகே காரை நிறுத்தி, பாதத்தை மிதியிலிருந்து எடுக்காமல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வட்டும் பேட்டும் கொதிக்கும் நிலையில் அசையாமல் ஒட்டி நிற்கும்போது, பேட்டின் வடிவம் வட்டில் முத்திரைபோல் பதிகிறது. அந்த இடத்தில் படலம் கூடுதல் கனமாவதோடு உராய்வும் மாறுபடுகிறது. இனி ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அங்கே சூடு சற்று அதிகமாகும். ஓட்டம் கடுமையாகி அவ்விடம் 650, 700 டிகிரியைத் தாண்டிவிட்டால் வார்ப்பிரும்பின் அமைப்பே மாறி, சிமென்டைட் என்னும் கடினமான இரும்புக் கார்பைடு உருவாகக்கூடும். அது சுற்றியுள்ள இரும்பைவிட மெதுவாகத் தேயும். ஆகவே மேடு மேலும் மேடாகும். மேற்பரப்பைக் கடைந்தாலும் சிமென்டைட் ஆழத்தில் தங்கிவிட்டால் சில மாதங்களில் உதறல் திரும்பும். அப்படிப்பட்ட வட்டை மாற்றுவதே நல்லது.

சூடான நிலையில் மட்டும் வந்து ஆறியதும் மறையும் உதறலும் உண்டு. உரசும் பரப்பில் எங்கேனும் சற்றே கூடுதலாகச் சூடேறிய இடம் விரிந்து முன்னே வர, அழுத்தம் முழுவதும் அதன் மேலேயே குவிந்து அதை இன்னும் சூடேற்றும் இந்தச் சுழற்சியை ஆய்வாளர் ஜே. ஆர். பார்பர் 1969-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். வட்டின் முகத்தில் ஒழுங்கான இடைவெளியில் தெரியும் நீலக் கறைகள் இதன் அடையாளம்.

கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் வழுக்குப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டாலும் பேட் வட்டை விடாமல் உரசும். ஒரு பேட் மட்டும் விரைவில் கரைந்திருந்தால் முதலில் அந்தப் பின்களைத்தான் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் மழையில் நின்ற கார் முதல் நாள் லேசாகத் திமிறுவது, பேட்டுக்கு அடியில் இருந்த பகுதியும் வெளியே இருந்த பகுதியும் வெவ்வேறு விதமாகத் துருவேறியதால்; பெரும்பாலும் சில கிலோமீட்டரில் சரியாகிவிடும்.

எல்லா உதறலையும் டிஸ்க்கின் தலையில் கட்டிவிடவும் கூடாது. பிரேக்கைத் தொடாமலே ஸ்டீயரிங் ஆடினால் சந்தேகம் டயர் பேலன்சின் மேல் விழ வேண்டும். ஈரச் சாலையில் திடீரென்று மிதிக்கும்போது மட்டும் மிதி படபடவென்று துடித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, பழுதன்று. ஸ்டீயரிங் அமைதியாக இருந்து இருக்கை மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைப் பாருங்கள்; பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் டிரம் வட்டம் பிசகியிருக்கலாம். சஸ்பென்ஷனின் கீழ்த்தண்டைக் காரோடு இணைக்கும் ரப்பரான லோவர் ஆர்ம் புஷ் கிழிந்த பழைய காரில், வேறொரு காரில் தெரியாமலே போகும் சிறு கன வேறுபாடுகூடப் பூதாகரமாகத் தெரியும். டிஸ்க்கை மாற்றியும் தீரவில்லை என்று புலம்புபவர்களில் சிலருக்கு அந்த ரப்பர்தான் காரணமாக இருக்கும்.

டிஸ்க்கைக் கடைவது, அதாவது பட்டறை மொழியில் ‘ஸ்கிம்’ போடுவது, வட்டின் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் இரும்பு மிச்சமிருந்தால் நல்ல வழிதான். கழற்றி வேறோர் இயந்திரத்தில் கடைவதைவிட, காரின் ஹப்பிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் கிடைத்தால் அது மேல், ஏனெனில் ஹப்பின் சாய்வும் அதிலேயே சரிசெய்யப்பட்டுவிடும். என் காரில் கன வேறுபாடு ஏற்கெனவே விழுந்திருந்ததால் பெரியவர் டிஸ்க்கை அப்படியே வைத்துக் கடைந்தார், நட்டுகளை ஸ்பேனரால் எண்ணி இறுக்கினார். பிறகு காரை என்னிடம் தராமல் தாமே எடுத்துக்கொண்டு பீடோர் சாலையில் போய், நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை பிரேக் பிடித்துப் பேட்டைப் பழக்கிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். டிஸ்க் இன்னும் அதேதான்.