டி டிரைவ்ல சாஃப்ட்வேர் அப்படியே இருக்கு, ஆனா ஓப்பன் ஆகலையே, ஏன்?

சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் புதுசா போட்டாச்சு, சாஃப்ட்வேர் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி ஐகானை கிளிக் பண்ணா "எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை"ன்னு ஒரு எரர் வந்து நிக்கும்.

காரணம் இதுதான். இன்ஸ்டால் பண்றப்போ நாம டி டிரைவ்னு சொன்னாலும் மெயின் ஃபோல்டர் மட்டும்தான் அங்க போகுது, ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் சாஃப்ட்வேரும் செட்டிங்ஸை எழுதி வைக்கிற டேட்டாபேஸ்) என்ட்ரி எல்லாம் சி டிரைவ்ல சிஸ்டம்32-க்குள்ள இருக்கிற கான்ஃபிக் ஃபோல்டர்ல, நம்ம யூசருக்கான ரெஜிஸ்ட்ரி NTUSER.DAT-ங்கிற ஃபைல்ல, மத்த செட்டிங்ஸ் யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஆப்டேட்டாவுல, பல சாஃப்ட்வேர் பங்கு போட்டுக்கிற டிஎல்எல்ங்கிற கோட் ஃபைல் சிஸ்டம்32-ல. ஃபார்மட்ல இது அத்தனையும் போயிடும். விண்டோஸ் 3.1 காலத்துல செட்டிங்ஸ் பெரும்பாலும் ஐஎன்ஐங்கிற டெக்ஸ்ட் ஃபைல்ல கிடந்துச்சு, 1995-ல விண்டோஸ் 95 வந்தப்புறம்தான் எல்லாரும் ரெஜிஸ்ட்ரி பக்கம் போனாங்க. இன்னிக்கும் போர்ட்டபிள்னு சொல்ற சாஃப்ட்வேர் தன் ஃபோல்டருக்குள்ளயே எல்லாத்தையும் வெச்சுக்குது, அதனால எத்தனை தடவை விண்டோஸை புதுசா போட்டாலும் ஓடும்.

மேல சொன்ன எரருக்கு மைக்ரோசாஃப்ட் தர்ற விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்ங்கிற டிஎல்எல் தொகுப்பைப் போட்டாலே போதும், எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) ரெண்டையும் போடுங்க, ஏன்னா 64 பிட் விண்டோஸ்லயும் 32 பிட் சாஃப்ட்வேர் தேடுறது எக்ஸ்86-ஐத்தான். கண்ட சைட்ல இருந்து ஒத்தை டிஎல்எல் மட்டும் டவுன்லோட் பண்ணி போடாதீங்க ப்ளீஸ், வைரஸ் அப்படித்தான் உள்ள வருது.

கேம் வாங்கி விளையாடுற ஸ்டீம் ஆப் இதை அழகா சமாளிக்குது. ஸ்டீமை மட்டும் புதுசா போட்டு டி டிரைவ்ல இருக்கிற பழைய லைப்ரரி ஃபோல்டரை ஸ்டீம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதியில சேர்த்தா போதும், ஒவ்வொரு கேமுக்கும் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டர்ல ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைல் இருக்கு, அதை படிச்சு எந்த கேம் ஏற்கெனவே இருக்குன்னு தெரிஞ்சுக்கும், 60 ஜிபி கேமை மறுபடி இறக்க வேண்டாம்.

குரோம்ல கவனமா இருங்க. யூசர் டேட்டா ஃபோல்டரை காப்பி பண்ணா புக்மார்க் வந்துடும் ஆனா சேவ் பண்ண பாஸ்வேர்டு வராது, அதைப் பூட்டியிருக்கிற சாவி பழைய விண்டோஸ் அக்கவுண்டோட கட்டுப்பட்டது, அதே பேர்ல புது அக்கவுண்ட் போட்டாலும் விண்டோஸுக்கு அது வேற ஆள். அதனால ஃபார்மட்டுக்கு முன்னாடியே சிங்க் (கூகுள் அக்கவுண்ட்ல சேமிக்கிற வசதி) ஆன் பண்ணுங்க, இல்ல பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. ஃபயர்பாக்ஸ்ல சாவி ஃபைலும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ளயே இருக்கு, முழுசா காப்பி பண்ணா எல்லாம் கூடவே வரும்.

என்னைக் கேட்டா எக்ஸ்இ ஃபைலைக் காப்பாத்தப் போராட வேண்டாம், அது எப்ப வேணா திரும்பக் கிடைக்கும், ஆப்டேட்டாவையும் டாக்குமெண்ட்ஸையும் பத்திரப்படுத்துங்க. விங்கெட்ங்கிறது மைக்ரோசாஃப்டோட சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற கமாண்ட் டூல், அதுல விங்கெட் எக்ஸ்போர்ட் கமாண்ட் கொடுத்தா சாஃப்ட்வேர் லிஸ்ட் ஒரு ஃபைலா வரும், புது விண்டோஸ்ல விங்கெட் இம்போர்ட் கொடுத்தா அதுவே வரிசையா இன்ஸ்டால் பண்ணிடும். விங்கெட்டுக்குத் தெரியாத சாஃப்ட்வேர் மட்டும் அந்த லிஸ்ட்ல வராது, அதை நீங்களே தனியா குறிச்சு வெச்சுக்கணும்.