பெரிய டிஸ்க் கேட்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய எஸ்யூவியைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "பிரேக் சரியாப் பிடிக்கல, பெரிய டிஸ்க் மாட்டிடலாமா?" சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

கழற்றினால் பல சமயம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு பேடில் உள்பக்க பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், வெளிப்பக்க பேட் கனமாகவே இருக்கும். பேடுகளை அழுத்தும் கேலிபர் நகர உதவும் ஸ்லைட் பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸும் ஏமாற்றும். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பழைய பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆள், சாமான் ஏற்றிய கனமான வண்டி மலையிறங்கும்போது அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆறியதும் எல்லாம் பழையபடி இருப்பதால், 'ஏதோ ஒரு தடவை' என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். டாட் 4 இன்னும் சூடு தாங்கும், டாட் 3-உடன் ஒத்தும் போகும். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது.

இதெல்லாம் சரியான பிறகும் பிரேக் போதவில்லையா? முதலில் நல்ல பேட், புது ஹோஸ். பெரிய டிஸ்க் அதற்கு அப்புறம்தான், அதுவும் வீலுக்குள் இடம் இருந்தால். கேலிபரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் பெரிதானால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயில் தள்ள வேண்டும், பெடல் இன்னும் கீழே போகும். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தால், பின் ஆக்ஸிலோடு இணைந்து, பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் லோட் சென்சிங் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் பாரமே இல்லை என்று அது நினைத்துக்கொண்டு, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதை ஆக்ஸிலோடு இணைக்கும் லிங்கை மறுபடி செட் செய்ய வேண்டும்.

புது பேட் போட்டதும் வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் முன்கூட்டியே, மெதுவாக மிதித்துப் பழக்குங்கள்.