கருவேலங்காட்டுக்குள் நின்ற காற்றுமானி

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசிய ஓர் ஆடி மாதக் காலையில், எங்கள் மாவட்டத்துக் கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய ஹெலிகாப்டர் இறங்குதளத்தில் நின்றுகொண்டிருந்தேன். வானிலைக் கருவிகளை நிறுவுவதும் அவற்றின் அளவைச் சரிபார்ப்பதும் என் தொழில். தளத்தின் ஓரத்தில் விண்ட்சாக் என்னும் துணிக்குழல் கம்பத்திலிருந்து விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. விமானத் தளங்களில் வழக்கமாக வைக்கப்படும் துணிக்குழல் ஏறத்தாழ 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தில்தான் அப்படி முழுவதுமாக நிமிரும். ஆனால் அங்கிருந்த தானியங்கி வானிலை நிலையத்தின் திரையில் காற்றின் வேகம் 4 நாட் என்று இருந்தது. தரைப் பணியாளர் அந்த எண்ணைக் கையடக்க ரேடியோவில் அப்படியே வாசித்தார். விமானி துணிக்குழலைப் பார்த்துவிட்டு, மேலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காற்றுக்கு முகம் கொடுத்து இறங்கினார்.

கருவி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியை இறக்கிப் பார்த்தபோது அதன் கிண்ணங்கள் தங்கு தடையின்றிச் சுழன்றன, மின்னணுப் பகுதியிலும் குறையில்லை. பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். காற்றுமானியின் கம்பத்தை நட்ட நாளில் வெறும் மணல்வெளியாக இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்தைத் தாண்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது. காற்றுமானியைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், எந்தத் தடையிலிருந்தும் அந்தத் தடையின் உயரத்தைப் போல் 10 மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது வானிலைத் துறையின் பொது விதி. அங்கே செலவைக் குறைப்பதற்காகக் கம்பத்தை 6 மீட்டரோடு நிறுத்தியிருந்தார்கள், புதரோ 15 மீட்டர் தூரத்தில் இருந்தது. ஆகவே கருவி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கருவேலங்காட்டின் மறைவில் எவ்வளவு காற்று வீசியதோ அவ்வளவையும் பிசகாமல் சொன்னது.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு விமான நிலையங்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருப்பதால், இத்தகைய தானியங்கி அமைப்புகள் அங்கேதான் பெரிய அளவில் வேரூன்றின. ஆவோஸ் எனப்படும் அந்த அமைப்பில் படிகள் உண்டு: அடிப்படைப் படியில் காற்றழுத்தம் மட்டுமே கிடைக்கும், அடுத்தடுத்த படிகளில் காற்றும் வெப்பமும், காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையும், பின்னர் பார்வைத்தூரம், அதன் பின்னர் மேகத்தின் அடித்தள உயரம் என்று கூடிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் இந்த விவரங்களை இயந்திரக் குரல் விஎச்எஃப் அலைவரிசையில் வாசிக்கிறது. அந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்து 25 கடல் மைல் தூரம் வரையிலும் 10,000 அடி உயரம் வரையிலும் கேட்கும்படி வடிவமைக்கப்படுகிறது. தானியங்கி யூனிகாம் என்னும் இன்னொரு வகை, விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது அலைவரிசையிலேயே காத்திருக்கும். விமானி மைக்கின் பொத்தானைக் குறித்த எண்ணிக்கையில் அழுத்தினால் அது விழித்துக்கொண்டு வானிலையைச் சொல்லும், கேட்டால் அவருடைய ரேடியோவைச் சோதித்துக்கொள்ளவும் உதவும். ஆனால் எந்த வகையானாலும் 'இறங்கலாம்' என்ற அனுமதியை அது ஒருபோதும் தருவதில்லை. விவரம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது, முடிவு விமானியுடையது.

அந்தக் குரல் சொல்லும் ஒவ்வோர் எண்ணும் எத்தனை நிமிடத்துப் பழையது என்பதை, அதைப் பயன்படுத்துகிறவர்களிலேயே பலர் கவனிப்பதில்லை. காற்று என்று சொல்லப்படுவது கடந்த 2 நிமிடங்களின் சராசரி. விமான நிலையங்கள் வழக்கமாக வெளியிடும் மெட்டார் என்னும் வானிலை அறிக்கையாக வெளியாகும்போது உலக வழக்கப்படி அது 10 நிமிடச் சராசரி. மேக உயரத்தை அளக்கும் லேசர் கருவி தன் தலைக்கு நேர் மேலே மட்டுமே பார்ப்பதால், அமெரிக்க முறையில் கடந்த 30 நிமிடங்களில் அதைக் கடந்துபோன மேகங்களைச் சேர்த்து, கடைசி 10 நிமிடத்துக்கு இருமடங்கு எடை கொடுத்து, வானம் முழுவதற்குமான ஒரு கணக்கைப் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து ஏறி வரும் மழைமேகம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் சில மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாம்பனில் 30 சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. ஒரே தீவுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், ஓடுதளத்தின் ஒரு முனையில் நிற்கும் ஒற்றைக் கருவி கடல் பக்கத்து முனையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

காற்றழுத்தத்தில் பிழை இருந்தால் அது வெளியே தெரியாது என்பதால், நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானியில் வைக்கும் அழுத்த எண் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) பிசகினால் கடல்மட்டத்தருகே உயரம் சுமார் 27 அடி மாறும். உண்மையைவிட 5 அதிகமாகச் சொல்லிவிட்டால், விமானி தான் நினைப்பதைவிட 130 அடிக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருப்பார். இதற்காகவே ஒழுங்கான அமைப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்த உணரிகளைப் பொருத்துகிறார்கள். அவை ஒத்துப்போகாவிட்டால் குரல் அந்த எண்ணை வாசிக்காமல் 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தக் குணம் இல்லாத இயந்திரத்தை விலை மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

மற்றவற்றை உப்பு பார்த்துக்கொள்ளும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் வீசும் மாதங்களில், பார்வைத்தூரக் கருவியின் கண்ணாடியில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் அளவுக்கு உப்பு படிகிறது. அந்தக் கருவி தன் இரு கரங்களுக்கு இடையில், ஒரு குடம் நீர் கொள்ளும் அளவேயான காற்றில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தே தொலைதூரத்தைக் கணிக்கிறது. ஒருமுறை அந்த இடைவெளியில் சிலந்தி ஒன்று வலை கட்டி, வலையில் பனித்துளி கோத்து நின்றதால், சூரியன் சுட்டெரித்த காலையில் மூடுபனி என்று பதிவாகியிருந்தது. சிரிப்புக்கிடமான இந்தப் பிழை வேறு பக்கம் திரும்பியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சுழலும் பாகமில்லாத ஒலியலைக் காற்றுமானியை வாங்கினால் பேரிங் எனப்படும் தாங்கியில் உப்பு இறுகும் தொல்லை தீரும். ஆனால் அதன்மேல் காக்கை உட்காராதபடி முள்கம்பி வைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கரைக்கு எச்சரிக்கைக் கருவிகள் புதியவையல்ல. பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும், 2016 முதல் பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை சமூக வானொலியைக் கேட்பதும் மீனவர்களுக்கு வழக்கம். பாம்பன் ரயில் பாலத்தில் காற்று குறித்த வரம்பை எட்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். அது கட்டளை என்பதால் ரயில் நின்றே ஆக வேண்டும். வானொலி சொல்வது தகவல்தான்; அதைக் கேட்ட பின்னும் தலைமுறை கண்ட ஒரு மீனவர் கரையில் நின்று வாடையா, கொண்டலா என்று முகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். விமானத் தளத்தின் இயந்திரக் குரல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதைக் கேட்டதும் துணிக்குழலையும் பார்த்த அந்த விமானி செய்ததும் அதுதான்.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அமைப்பது பற்றி மாநில அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் பேசியது. சிறிய தளங்கள் இங்கே வரும்போது கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் பக்கம் பக்கமாக நுட்ப விவரங்கள் இருக்கும். கண்ணாடியை வாரம் ஒருமுறை நன்னீரால் துடைப்பவர் யார், அவருடைய சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது, கருவியைச் சுற்றி நூறு மீட்டருக்குச் செடி வளராமல் பார்ப்பது எந்தப் பிரிவின் பொறுப்பு என்பவையும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நான் சொன்ன இறங்குதளத்தில் கருவேலத்தை வெட்ட இரண்டு பேர் அரை நாள் வேலை செய்தார்கள். மறுநாள் திரையில் 17 நாட் என்று வந்தது. வேரோடு பிடுங்கவில்லை என்பதால், அடுத்த ஆடிக்குள் மீண்டும் தழைத்துவிடும் என்று அறிக்கையின் கடைசி வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.